கடித்தாலும் சொல்லாத கால்: ஒரு நெசவாளரின் புண், மூன்று ஜோடிச் செருப்பு

செருப்பு தைக்கிறவர் வாடிக்கையாளரிடம் கேட்கும் முதல் கேள்வி, “கடிக்கிறதா?” என்பதுதான். வந்தவர் போட்டுக்கொண்டு நாலு அடி நடப்பார். சுண்டுவிரல் இடிக்கிறது என்பார், குதிகாலில் உரசுகிறது என்பார். அதை வைத்துத்தான் தளர்த்துவதும் இறுக்குவதும் நடக்கும். அந்தக் கேள்வியால் பயனே இல்லாத ஒரு செருப்பு வேலையில் நான் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். உணர்ச்சி போன கால்களுக்குச் செருப்பு செய்கிறேன். என் முன்னால் வந்து உட்காருகிறவரின் பாதத்தில் செருப்பு கடித்தாலும், ஏன், ஆணியே குத்தினாலும் அவருக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “நன்றாக இருக்கிறது தம்பி.”

இதற்கு முன்பு ஆம்பூரில் ஓர் ஏற்றுமதி ஷூ தொழிற்சாலையில் கட்டிங் பிரிவில் இருந்தேன். அங்கே கால் என்றால் ஓர் எண். 41, 42, 43. எந்த நாட்டில் யார் போடப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது; லாஸ்ட் என்னும் கால்வடிவ அச்சில் ஏற்றி இறக்கினால் வேலை முடிந்தது. வேலூர்ப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் செருப்புக் கூடத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மாறி வந்தேன். உறவுக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஷூ கம்பெனியை விட்டுவிட்டு நோயாளிக்குச் செருப்பு தைக்கப் போகிறாயா என்று கேட்டார்கள். பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் இதே காரணத்தால் பேச்சு நின்றது.

இங்கே நான் எழுதுவது ஒரே ஒருவருடைய செருப்பைப் பற்றி. மூன்று முறை செய்தோம். இரண்டு முறை தோற்றோம். அந்தத் தோல்வியில் என் பங்கு பெரியது என்பதால்தான் விவரமாக எழுதுகிறேன்.

இந்த வேலை எங்கிருந்து வந்தது

வட ஆர்க்காடு ஒரு காலத்தில் தொழுநோய் மிகுந்திருந்த மாவட்டம். கொல்லிமலையில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நோயே விரல்களை அழுகச் செய்து உதிர்க்கிறது என்றுதான் அன்றைக்குப் பெரும்பாலோர் நம்பினார்கள். பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் ஒவ்வொரு காயத்துக்கும் பின்னால் போய்ப் பார்த்தார்கள். ஒருவர் சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்திருப்பார். ஒருவர் சுத்தியலை வேண்டியதைவிட அழுத்திப் பிடித்து வேலை செய்திருப்பார். சிலருக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இருக்காது. ஆள் வைத்துக் காவல் காத்தபோதுதான் எலி கடிப்பது தெரிந்தது. தூங்குகிறவருக்கு வலிக்கவில்லை, அதனால் விழிக்கவில்லை. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகளின் கையில் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். நோய் நரம்பைக் கொல்கிறது; மிச்ச அழிவெல்லாம் அன்றாட வாழ்க்கை செய்கிறது என்பதை அவர்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கண்டறிந்தார்கள்.

அறுவை சிகிச்சையால் மடங்கிய கையை நிமிர்த்த முடிந்தது. ஆனால் பாதத்துப் புண் ஆறிய ஆள் வெறுங்காலோடு ஊருக்குப் போனால் சில வாரங்களில் அதே புண்ணோடு திரும்பி வந்தார். அங்கேதான் செருப்பு மருத்துவத்துக்குள் நுழைந்தது. 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் தொடங்கியபின் அந்த வேலை இன்னும் விரிந்தது. பலவிதச் செருப்புகளைப் பார்த்துக் கடைசியில் நுண்காற்றறை ரப்பரில் வந்து நின்றார்கள். எங்கள் கூடத்தில் அதை எம்.சி.ஆர். என்போம். ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் அளவில் ஏறத்தாழ 15 இருக்க வேண்டும். அளக்கும் கருவி கையில் இல்லாவிட்டால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துவோம். பாதித் தடிமனுக்கு அமுங்கி, விட்டதும் எழும்பினால் நல்ல ரப்பர். அமுங்கியபடியே கிடந்தால் ஒதுக்கிவிடுவோம். பாதத்தோடு படுவது இந்த மெத்து. முள்ளும் கண்ணாடியும் ஏறாமல் இருக்க அடியில் கெட்டியான டயர் ரப்பர். விரலால் பிடித்துக்கொள்ள முடியாத கால் என்பதால் குதிகாலைச் சுற்றி ஒரு வார். எல்லாம் தையலும் சொல்யூஷனும்தான். ஆணி கூடாது.

ஆணி கூடாது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மேஸ்திரி. அவரே தொழுநோயிலிருந்து குணமானவர். வலது கையில் மூன்று விரல்கள் பாதிதான் இருந்தன. நான் சேர்ந்த மாதத்தில், வார் பிய்ந்து வந்த ஒருவருக்கு அவசரத்தில் ஒரு சிறிய ஆணியடித்துக் கொடுக்கப் போனேன். மேஸ்திரி என் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு தன் செருப்பைக் கழற்றித் தன் உள்ளங்காலைக் காட்டினார். குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பழைய வடு. ஊரில் ஒருவர் தைத்துக் கொடுத்த செருப்பில் ஆணி மேலேறியிருக்கிறது. அவர் அதே செருப்போடு மூன்று நாள் நடந்திருக்கிறார். செருப்பில் ரத்தம் ஊறியிருந்ததை அவருடைய மகள்தான் முதலில் பார்த்தாளாம்.

1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியபின் தொழுநோய் வெகுவாகக் குறைந்தது. கூடம் மூடப்பட்டுவிடும் என்று சிலர் நினைத்தார்களாம். மூடவில்லை. சர்க்கரை நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் நரம்புதான் போகிறது, அதே இடங்களில்தான் புண் வருகிறது. இன்று என் முன்னால் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் அவர்களே.

வந்தவர்

அவர் குடியாத்தத்துக்காரர். வயது 56. சர்க்கரை 14 ஆண்டுகளாக. வலது பாதத்தில், பெருவிரலின் அடிமேட்டில், காய்ப்புக்கு நடுவே எட்டணா அளவுக்குப் புண். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் பத்து இடங்களில் வைத்துச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் “ம்” என்றார். இரண்டு கால்களும் அப்படித்தான். நாடித் துடிப்பு நன்றாக இருந்தது. அதாவது ரத்த ஓட்டத்தில் குறையில்லை, புண் ஆறிவிடும்.

மாவுக்கட்டு போட்டார்கள். கால் எலும்பு முறிந்தால் போடுகிற அதே கட்டுதான், பாதம் முழுவதும் ஒட்டியிருக்கும்படி. ஓர் இடத்தில் குவிகிற எடை பாதம் எங்கும் பரவிவிடுவதால் மருந்தில்லாமலே புண் மூடிக்கொள்ளும். பங்குனியில் போட்ட கட்டு ஆறு வாரத்தில் பிரிந்தது. புண் இல்லை. சித்திரைக் கடைசியில் முதல் ஜோடியைக் கொடுத்தேன். 10 மில்லிமீட்டர் எம்.சி.ஆர்., டயர் அடி, பழுப்புத் தோல் வார். “எப்படி இருக்கிறது ஐயா?” என்று கேட்டேன். அப்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். “பஞ்சு மாதிரி இருக்கிறது” என்றார். பஞ்சையும் முள்ளையும் பிரித்தறிய முடியாத காலைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையை நான் நம்பி மகிழ்ந்தேன்.

வைகாசி நடுவில் திரும்பி வந்தார். அதே இடம், அதே புண். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. செருப்பில்லாமல் நின்றீர்களா என்று மருத்துவர் கேட்டார். நின்றேன் என்றார். காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். வேலூர்க் கோடையில், உணர்ச்சியில்லாத காலோடு தாரில் நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கில்லாத உதாரணங்களைப் பார்த்திருக்கிறோம். ஆனால் சூட்டுப் புண் வேறு மாதிரி இருக்கும்: பரந்து, கொப்புளமாக, இரண்டு காலிலும். இது ஒரே காலில், எட்டணா அளவில், காய்ப்புக்கு நடுவில் இருந்தது. அந்த வித்தியாசம் எங்கள் கண்ணெதிரே இருந்தது. கைக்குக் கிடைத்த காரணம் அதை மறைத்துவிட்டது.

இரண்டாவது ஜோடி

மறுபடி மாவுக்கட்டு, மறுபடி ஆறு வாரம். இந்த முறை நான் நிறைய யோசித்தேன். மை தடவிய ரப்பர் பாயில் அவரை நடக்கவைத்துப் பாதத்தின் தடம் எடுத்தோம். அழுத்தம் கூடிய இடம் கறுப்பாக விழும். பெருவிரல் மேட்டில் கறுப்பு இருந்தது, ஆனால் அதிகமில்லை. இடது காலிலும் ஏறக்குறைய அதே அளவு. இருந்தாலும் விரல்மேட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குப் பட்டை வைத்து, எடையை அது தாங்கும்படி செய்தேன். உள்ளங்கால் வளைவுக்கும் ஒரு மெத்து. அந்த ஜோடிக்கு இரண்டு நாள் செலவழித்தேன். இன்றும் சொல்வேன், அது நல்ல வேலை.

ஆவணியில் வந்தார். புண் திறந்திருந்தது.

கழற்றி வைத்த செருப்பைக் கையிலெடுத்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் தேய்ந்த செருப்புதான் சாட்சி. உள்மெத்தில் விழும் பள்ளம், அடியில் தேயும் பக்கம், வாரில் படியும் வியர்வைக் கறை, எல்லாம் நடையைச் சொல்லும். இரண்டு மாதம் போட்ட செருப்பில் பள்ளமே இல்லை. டயரின் வெட்டுக்கோடுகள்கூட அப்படியே இருந்தன. இவர் செருப்பைப் போடுவதே இல்லை என்று முடிவு செய்தேன். காரணமும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தாலே தொழுநோய்ச் செருப்பு என்று சிலர் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதனால் வெட்கப்பட்டு வாசலில் விட்டுவிட்டு ரப்பர் செருப்பில் நடக்கிற பலரைப் பார்த்திருக்கிறேன்.

கடுமையாகப் பேசினேன். உங்களுக்காக இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன், நீங்கள் மரியாதைக்காவது போட்டிருக்கலாம் என்றேன். “போட்டுக்கொண்டுதான் தம்பி இருக்கிறேன்” என்றார். நான் செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினேன். அவர் பேசவில்லை. அவருடைய மனைவி எழுந்து, “பல் தேய்த்த உடனே மாட்டிக்கொள்வார், ராத்திரிதான் கழற்றுவார், நான் பார்க்கிறேன்” என்றார். அதையும் நான் நம்பவில்லை. என்னைவிட இருபது வயது மூத்தவரை அவர் மனைவி முன்னால் பொய்யர் ஆக்கினேன். அதற்காகப் பிறகு மன்னிப்புக் கேட்டேன், அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றாலும், எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அவர்கள் போனபின் மேஸ்திரி அவருடைய அட்டையை எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார். தொழில்: கைத்தறி நெசவு. முதல் நாளே எழுதியது. “நீ தறி பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டார். லுங்கி கட்டியிருக்கிறேன், தறி பார்த்ததில்லை.

குடியாத்தத்தில்

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். கௌண்டின்ய ஆற்றைத் தாண்டி இரண்டு தெரு உள்ளே அவர் வீடு. சந்துக்குள் நுழையும்போதே தறிச் சத்தம். வீட்டின் முன்கட்டு முழுவதும் தறிதான். நடக்கிற இடம் ஒரு முழம். அது குழித்தறி. தரையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. விளிம்பில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு நெய்ய வேண்டும். வாசலில், படிக்குப் பக்கத்தில், நான் செய்த செருப்பு கிழக்குப் பார்த்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. மேலே தூசி இல்லை.

அவர் அன்று நெய்யவில்லை, காலில் கட்டு இருந்தது. மகன் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நான் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். இருட்டு. மகன் கைபேசி வெளிச்சத்தைக் காட்டினான். கீழே இரண்டு மிதிகள். இடது பக்கத்து மிதி நாலு விரல் அகலப் பலகை, பல வருஷம் மிதித்து வழவழத்துப் போனது. வலது பக்கத்து மிதி மூங்கில். உருட்டு மூங்கில். பலகை உடைந்து, கையில் கிடைத்த மூங்கிலை அந்த மாசியில் கட்டியிருக்கிறார்கள். முதல் புண் பங்குனியில் வந்தது.

மகனை நெய்யச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். ஒரு கால் இறங்க, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட, மறு கால் இறங்கும். வலது கால் நிமிடத்துக்கு 20 தடவை இறங்கியது. ஒரு நாளில் ஆறு மணி நேரம் தறியில் இருந்தால் 7,200. அத்தனை தடவையும் பெருவிரலின் அடிமேடுதான் மூங்கிலில் போய் உட்காருகிறது. மகனுக்கு உணர்ச்சி இருந்தது. அவன் சில நிமிடத்துக்கொரு முறை தன்னை அறியாமலே பாதத்தை நகர்த்தி வைத்துக்கொண்டான். ஒரு தடவை நடுப்பாதத்தால் மிதித்தான், ஒரு தடவை ஓரத்தால். அப்பா அப்படி நகர்த்தியிருக்க மாட்டார். நகர்த்தச் சொல்வது வலி. அது அவரிடம் இல்லை.

பால் பிராண்ட் பின்னாளில் வற்புறுத்திச் சொன்ன விஷயம் இதுதான். பாதத்தைக் கிழிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய அடி அல்ல. யாரும் கவனிக்காத மிதமான அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழுவது. பயிற்சியில் இதைப் படித்திருக்கிறேன், சோதனையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். நடப்பதில் வரும் அழுத்தம் என்றே அதைப் புரிந்துவைத்திருந்தேன். இந்த மனிதர் நடப்பதே குறைவு. தறிக்கும் கிணற்றடிக்கும், நூல் கொடுக்கிறவர் கடைக்கும் போவதுதான் நடை. அப்போதெல்லாம் செருப்பு காலில்தான் இருந்தது; தறியில் உட்காரும்போது மட்டும் வாசலில் கழற்றிவிடுவார். அதனால்தான் தேயவில்லை. சாட்சியைச் சரியாகப் பார்த்து, தவறாகப் படித்திருந்தேன்.

அந்த அம்மா காபி கொண்டுவந்தார். இதே தெருவில் பீடி சுற்றுகிற தன் அக்காளுக்கும் சர்க்கரை, அவளுக்குக் கணுக்கால் எலும்பின் வெளிப்பக்கம் கறுத்திருக்கிறது என்றார். நாள் முழுவதும் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு, மடியில் முறத்தோடு. செருப்புக்குச் சம்பந்தமே இல்லாத இடம். போய்ப் பார்த்தேன், புண் இன்னும் திறக்கவில்லை. ஒரு தடித்த மெத்துத் துண்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அடுத்த வாரம் அனுப்பிவைத்தேன்.

தறிக்குப் போட்ட செருப்பு

காரணம் தெரிந்தபின் வழி எளிது என்று நினைத்தேன். குழிக்குள் போட்டுக்கொள்ள லேசான செருப்பு ஒன்று செய்து தருகிறேன் என்றேன். வீட்டில் எல்லோருடைய முகமும் மாறியது. தறியில் செருப்புக் காலை வைப்பதா? ஆயுத பூஜைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிற இடம். அவர் என்னைப் புண்படுத்தாமல் சொன்னார்: “வேறு ஏதாவது பாருங்கள் தம்பி.” புதுச் செருப்புதான், துணியில் செய்து தருகிறேன் என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். இல்லை என்ற அசைவு.

பஸ்ஸில் திரும்பும்போது பள்ளிகொண்டா தாண்டும்வரை எனக்கு வழி தோன்றவில்லை. காலில் போடக் கூடாது, சரி. மெத்து எங்கே இருந்தால் என்ன, காலுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் இருந்தால் போதாதா? திங்கட்கிழமை காலை மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எம்.சி.ஆர். தாளை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

மூங்கிலை எடுத்துவிட்டு ஆறு விரல் அகலத்துக்குப் பலகை போடச் சொன்னோம். அதன் மேல் 15 மில்லிமீட்டர் மெத்து, விளிம்பை வட்டமாகச் சீவி, சொல்யூஷனில் ஒட்டிச் சுற்றிலும் தைத்தது. ஆணி இல்லை. அகலம் கூடினால் அதே மிதி பாதத்தின் பெரும்பகுதியில் பரவும். ஓர் இடத்தின் பங்கு குறையும். கூடவே, அரை மணிக்கு ஒருமுறை மகனோ மனைவியோ சொல்லிப் பாதத்தின் வேறு பகுதியால் மிதிக்க வேண்டும் என்று ஏற்பாடு. வலி செய்யவேண்டிய வேலையை வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். இரவில் அந்த அம்மா புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்ப்பார். ஒரு காலின் ஓர் இடம், மறு காலின் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால் மறுநாள் தறி இல்லை. கருவியால் அளந்தால் 2 டிகிரி செல்சியஸ் அளவு வித்தியாசமே எச்சரிக்கைதான். புறங்கைக்குப் பழகிவிட்டால் அது பிடிபடும்.

மூன்றாவது ஜோடிச் செருப்பு இரண்டாவதைப் போலவே செய்ததுதான். எதையும் மாற்றவில்லை.

புண் மூடியது. கார்த்திகையில் அவர் தறியில் உட்கார்ந்தார். தைக்குள் நான்கு முறை கூப்பிட்டுப் பார்த்தோம். பெருவிரல் மேட்டில் காய்ப்பு மெலிந்துவிட்டது. இரண்டு முறை சூடு தெரிந்து, இரண்டு நாள் தறியை நிறுத்தியிருக்கிறார், கூலி போனது. அந்தக் கூலியை யார் தருவது என்ற கேள்விக்கு எங்கள் கூடத்தில் பதில் இல்லை. நெய்தால்தான் காசு என்கிற வீட்டில் ஓய்வு என்பது எத்தனை பெரிய மருந்து, எத்தனை விலை கூடிய மருந்து என்பதை ஒவ்வொரு முறையும் அவர் முகத்தில் பார்த்தேன்.

அதன்பிறகு எங்கள் அட்டையில் ஒரு பத்தி சேர்ந்தது. ‘தொழில்’ என்ற வரிக்குக் கீழே, அந்தத் தொழிலை எப்படி உட்கார்ந்து, எதை மிதித்துச் செய்கிறார் என்று எழுத வேண்டும். முடிந்தால் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவர் பிரேக்கை எந்தக் காலால், எப்படி மிதிக்கிறார் என்று பார்ப்போம். தையல் இயந்திரம் மிதிக்கிறவர் கூடத்திலேயே மிதித்துக் காட்டுவார். ஏணியில் ஏறி நிற்கிற பெயிண்டரின் புண் ஏன் நடுப்பாதத்தில் குறுக்காக விழுந்தது என்பது கேட்ட பிறகுதான் புரிந்தது. வீட்டுக்குள் செருப்புப் போடாத ஊர் நம்முடையது என்பதால், இப்போது எல்லோருக்கும் வீட்டுக்குள் மட்டும் போட இரண்டாவது ஜோடி ஒன்றும் சொல்கிறோம். வாசற்படியைத் தாண்டாத ஜோடி என்றால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். பூஜை அறைக்கு முன்னால் கழற்றிவிடுவார்கள். அந்த நாலு அடிக்கு ஒரு பாய்.

மேஸ்திரி ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். நெசவாளர் வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறார். போன ஐப்பசியில் வந்தபோது செருப்பை மாற்றவேண்டியிருக்கவில்லை. பழைய மிதிமெத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஓரமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது, நடுவில் இல்லை. அவர் காலை நகர்த்தி நகர்த்தித்தான் மிதித்திருக்கிறார். புதிதாக ஒன்று வெட்டத் தொடங்கியபோது, இடது காலுக்கும் ஒன்று வேண்டும் என்றார். அந்தப் பக்கம் பலகைதானே, புண்ணும் இல்லையே என்றேன். “இருக்கட்டும் தம்பி. அதுவும் சொல்லாத கால்தானே” என்றார். இரண்டாக வெட்டினேன்.